ஊற்றுக்கு வாங்காத கூலி

அந்தக் கேள்வியைத் தமிழாக்கியவன் நான்தான்.

'இந்தக் காடு இப்போது இருப்பதுபோலவே இருக்க, உங்கள் குடும்பம் வருடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு பணம் கொடுக்கச் சம்மதிக்கும்?'

பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் என் வீட்டு மேசையில், வெளியே தோப்பில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, இந்த ஒரு வரிக்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். 'சம்மதிக்கும்' என்பதா 'முன்வரும்' என்பதா என்று நாக்கில் உருட்டிப் பார்த்தேன். கேட்பவர் காதில் உறுத்தாமல் இறங்க வேண்டும். இறங்கியது. சோதித்துப் பார்க்க முதல் படிவத்தை நானே நிரப்பினேன். சித்தூரிலிருந்து பாலக்காடு போய்வரும் பஸ் கட்டணத்தை எழுதினேன். ஒரு காட்டுக்கு விலை எழுதிவிட்டு எழுந்துபோய் இட்லி சாப்பிட்டேன்.

அதை நினைத்தால் இன்றைக்கும் என் கையையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

காடுகளுக்கு மதிப்புக் கணக்கிடும் ஓர் ஆய்வுக் குழு, எழுத்தும் மொழிபெயர்ப்புமாகப் பிழைக்கும் என்னை அழைத்திருந்தது. தேவிகுளத்துக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் தமிழ்க் குடும்பங்கள். கேள்விகளைத் தமிழில் ஆக்கி, வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத ஓர் ஆள் வேண்டும். குழுவின் தலைவி ஒரு மலையாளி, பொருளாதாரம் படித்தவர், கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் பாதி யோசனையில் இருக்கும் கண்கள். மலையேறும் ஜீப்பில் எனக்குப் பாடம் எடுத்தார்.

"சாரே, சந்தையில விக்காத்த சாதனத்துக்கு, அதாவது பொருளுக்கு, விலை காணாதே பற்றில்ல, கண்டே ஆகணும். அதுக்கு மூணு வழி உண்டு. ஒண்ணு, ஆளுகளிட்ட நேரே கேக்கணும், எவ்வளவு தருவீங்கன்னு. ரெண்டு, அதைப் பாக்க வரவங்க வண்டிக்கும் லாட்ஜுக்கும் எவ்வளவு செலவாக்கறாங்கன்னு நோக்கணும். மூணு, காடு இல்லன்னா காடு தர்ற சாதனத்தை வெளியில வாங்க எவ்வளவு ஆகும்."

வளைவுக்கு வளைவு காது அடைத்துத் திறந்தது. பணியாரம் சுடும் பக்குவத்தைச் சொல்வதுபோல் அவ்வளவு இயல்பாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். ஜன்னலுக்கு வெளியே மலை, யாரும் எதுவும் கேட்காத மலை, ஈரமாக நின்றுகொண்டிருந்தது.

நாங்கள் விலை காண வந்தது பெரிய காடு இல்லை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஆறு லயங்கள், மொத்தம் நாற்பது வீடுகள். அதற்கு மேலே தேயிலை. தேயிலைக்கு மேலே, மலையின் மடிப்பில் பிழிந்து வைத்த பச்சைத் துணிபோல ஒரு சோலை. சோலையின் வாசலில் ஓர் ஊற்று. ஊற்றிலிருந்து கறுப்பு ஓஸ்கள் தேயிலைச் சரிவில் பாம்புகளாக இறங்கி நாற்பது வீட்டுப் பானைக்கும் தண்ணீர் கொண்டுபோகின்றன. போடிமெட்டுக்குப் போகும் சாலை சோலையைத் தொட்டு வளைகிறது. அந்த வளைவில் நின்றால் பள்ளத்தாக்கு முழுதும் தெரியும். அங்கே காட்சி மேடையும் கார் நிறுத்துமிடமும் கட்ட ஒரு யோசனை இருந்தது. கார்கள் நிற்க வேண்டிய சமதரை ஊற்றுக்கண் இருக்கும் இடம். கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் கமிட்டிக்கு எங்கள் அறிக்கை போகும். நாற்பது வீட்டுத் தண்ணீர், நான் உருட்டிச் செதுக்கிய அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை.

முதல் லயம், முதல் வீடு. கொழுந்து எடுக்கும் அக்கா. என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். வேலை முடிந்து வந்து, செடியின் ஈரம் படாமல் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சுவரில் மாதா படம். அவர் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் இலை உலர்த்தும் மிஷினில் வேலை. வாசல்படியில் உட்கார்ந்து காலிலிருந்து அட்டையைப் பிய்த்து உப்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க்கா, ஒரு சர்வேங்க. ரண்டு கேள்வி கேட்டுட்டுப் போயிர்றனுங்க."

அவர் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "ஏட்டி, கோயம்புத்தூர் பக்கத்து ஆளுடி. வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க' வச்சுத் தைக்காரு."

"சித்தூருங்கண்ணா."

"எந்த ஊரா இருந்தா என்ன, தையல் நல்லாத்தான் இருக்கு. நீங்க கேளுங்க சார்," என்றார் அக்கா.

கேட்டேன். மூன்று நாள் செதுக்கிய அந்த வரியை வாசித்தேன்.

அக்காவின் கை அப்படியே நின்றது. சாக்கு பாதி அவிழ்ந்து தொங்கியது. அண்ணன் அட்டையை விட்டுவிட்டார். அது படியிலேயே சுருண்டு சுருண்டு நகர்ந்தது.

"சோலையை விக்கப் போறாகளா?"

"இல்லீங்க்கா. சும்மா ஒரு கணக்குக்குத்தான். அப்படி ஒரு நிலமை வந்தா எவ்வளவு கொடுப்பீங்கன்னு."

"வராத நிலமைக்கு எதுக்கு சார் தாளு, பேனா, ஜீப்பு?"

பயிற்சியில் சொல்லிக்கொடுத்த விளக்கத்தை ஒப்பித்தேன். கற்பனைச் சூழல், கற்பனைச் சந்தை. என் வாயிலிருந்து வந்த தமிழ் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாக்கை முழுசாக உருவி ஆணியில் மாட்டினார்.

"பூச்சியம் போடுங்க."

"பத்து ரூபா, இருவது ரூபா கூட இல்லீங்களா?"

"பூச்சியம்னா பூச்சியந்தான். டீ குடிக்கியளா?"

டீ குடித்தேன். அந்த ஊற்றுத் தண்ணீரில் போட்ட டீ. தொண்டையில் இறங்கும்போது அதன் ருசி எனக்குத் தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது. குடித்துவிட்டுப் பூச்சியம் போட்டேன்.

மறுநாள் காலைக்குள் ஆறு லயத்துக்கும் சேதி போயிருந்தது. எந்த வாசலில் நின்றாலும், கேள்வியை நான் முடிப்பதற்குள் பூச்சியம் வந்து விழுந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சட்னி அரைத்துக்கொண்டு, ஒரு வீட்டில் பல் தேய்த்துக்கொண்டே விரலை வளைத்துக் காட்டி. நாற்பது வீடு, நாற்பது பூச்சியம். மலையில் ஒரு பறவை கூவினால் எல்லாப் பறவையும் கூவுமே, அந்த மாதிரி.

பூச்சியத்துக்குக் கீழே இன்னொரு கேள்வி இருந்தது. ஏன் பூச்சியம்? நான்கு கட்டங்கள். வசதி இல்லை. காட்டால் எனக்குப் பயன் இல்லை. இது அரசின் பொறுப்பு. வேறு காரணம், விளக்கவும். அந்தக் கேள்வியை நான் ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது, தாள் நனைந்தது, அதெல்லாம் உண்மை. ஆனால் உண்மையான உண்மை வேறு. கேட்கக் கூச்சமாக இருந்தது. பத்தடி அறையும், ஒழுகும் ஷீட்டும், வரிசையாகக் கவிழ்த்த அலுமினியப் பாத்திரங்களும் பார்த்தவன், 'ஏன் தரமாட்டீங்க' என்று எப்படிக் கேட்பது? பிற்பகல் தேவிகுளத்து லாட்ஜ் அறையில் கட்டிலில் தாள்களைப் பரப்பி, நாற்பதிலும் முதல் கட்டத்தில் டிக் அடித்தேன். வசதி இல்லை. இரக்கத்தோடுதான் அடித்தேன். என் இரக்கத்தை நானே மெச்சிக்கொண்டு அடித்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து தேவிகுளத்தில் ஓர் அரசு அலுவலக ஹாலில் கூட்டம். காலை பதினொரு மணி, ஜன்னலில் பனிமூட்டம் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றது. கமிட்டியின் தலைமை அதிகாரி நடுவில். லயத்திலிருந்து அக்காவும் அண்ணனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் அரை நாள் லீவு சொல்லி வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவி மலையாளத்தில் பேச, நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். திரையில் இரண்டு தூண்கள். ஒன்று உயரமாக, சாலையில் எங்கள் குழுவின் வேறு ஆட்கள் கார்களை நிறுத்திக் கேட்டுக் கணக்கிட்ட சுற்றுலாக்காரர்களின் மதிப்பு. இன்னொன்றைத் தூண் என்று சொல்ல முடியாது. தரையில் ஒரு கோடு.

"சுற்றுலாப் பயணிகளுக்கு இந்தச் சோலையின் மதிப்பு மிக அதிகம். லயத்தில் வசிப்போருக்கு ஏறக்குறைய பூச்சியம்."

நான்தான் சொல்கிறேன். என் குரல்தான்.

"காரணம், வசதியின்மை."

அதிகாரி தலையசைத்தார். அப்படியென்றால் மதிப்பு காட்சியில் இருக்கிறது, காட்சிக்கு வசதி செய்வதில் தவறில்லை, ஊற்றை வேண்டுமானால் குழாய் வைத்துக் கொஞ்சம் தள்ளி விடலாம் என்றார். அதையும் தமிழில் சொன்னேன். ஊற்றைத் தள்ளி விடலாம். சொல்லும்போதே என் முதுகில் யாரோ பச்சைத் தண்ணீரை ஊற்றியதுபோல் இருந்தது.

பின்வரிசையில் நாற்காலி இழுபட்டது.

"எங்களுக்கு வசதி இல்லைன்னு எந்த மகராசன் சொன்னது?"

அக்கா நின்றுகொண்டிருந்தார். திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"வருசத்துக்கு நூறு, இருநூறு குடுக்க வக்கில்லாமயா கெடக்கோம்? கோயில் கொடைக்கும் சர்ச்சுத் திருவிழாவுக்கும் நாங்க குடுக்கலையா? நான் அப்படிச் சொன்னேனா சார்? நீங்களே சொல்லுங்க. டீ குடிச்சிய, சொல்லுங்க."

தலைவி தாழ்ந்த குரலில், "சாரே, இது ஆளுகள் பறஞ்சதா, சார் போட்டதா?" என்று கேட்டார்.

"நான் போட்டதுங்க," என்றேன். முதலில் தமிழில், பிறகு மலையாளத்தில். "நாப்பதும் நான் போட்டது. யார்கிட்டயும் கேக்கல."

என் வாழ்க்கையில் இத்தனை ஆண்டு எழுதியதில் அந்த நாற்பது டிக்குகள்தான் ஓர் இடத்தை மாற்றும் வல்லமை படைத்தவை. அவை பொய்.

"அப்ப ஏன் சேச்சி பூச்சியம் சொன்னீங்க?" தலைவி எழுந்து அக்காவின் பக்கம் போனார்.

அக்கா உட்காரவில்லை. சொன்னார். நான் லாட்ஜில் கற்பனை செய்துகொண்ட எதுவும் அதில் இல்லை.

ஒவ்வொரு வருடமும் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும், வீட்டுக்கு ஓர் ஆள் சோலைக்குப் போவார்கள். அம்மன் கோயில்காரர்களும் வருவார்கள். கோடை இறுகுவதற்கு முன் ஊற்றுக்கண்ணில் அழுகிய இலை, சேறு, வேர் எல்லாம் அள்ளிப்போட்டுத் தண்ணீருக்கு வழிவிடும் வேலை. ஒரு தடவை புதிதாக வந்த சூப்பர்வைசர் நல்ல மனசோடு அந்த ஞாயிறுக்கு எல்லாருக்கும் பேர் போட்டுவிட்டார். அதாவது கம்பெனி வேலை பார்த்ததாக வருகை பதிந்து ஒரு நாள் கூலி. சம்பளத்தன்று நாற்பது வீடும் ஆபீஸ் வாசலில் போய் நின்று அதை அடித்துவிடச் சொன்னார்கள்.

"கூலி வாங்கிட்டா அது கம்பெனி வேலை. கம்பெனி வேலைன்னா கம்பெனி ஊத்து. நாளைக்கு மூடுன்னா மூடணும்ல? அதே மாதிரித்தான் இதும். நாங்க காசு குடுத்தா வாங்க ஒருத்தன் வருவான். வாங்குறவன் சொந்தக்காரன், நாங்க வாடகைக்காரங்க. அடுத்த வருசம் கூடக் கேப்பான். அதான் பூச்சியம். பூச்சியத்துக்கு மேல எங்ககிட்ட பெரிய கணக்கு கெடையாது."

அண்ணன் உட்கார்ந்தபடியே சொன்னார்: "அதை இந்தச் சார் தூக்கிட்டுப் போயி எங்களைப் பிச்சைக்காரனாக்கி வச்சிருக்காரு. நல்லாத் தைச்சீங்க சார்."

யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி பத்து நாள் கொடுத்தார். மறுபடி கேட்டு வாருங்கள் என்றார்.

வெளியே வந்ததும் தலைவியிடம் கேட்டேன். நான்காவது கட்டத்தில் டிக் அடித்து, இந்தக் காரணத்தை எழுதியிருந்தால்? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த மாதிரிப் பூச்சியத்துக்கு எதிர்ப்புப் பூச்சியம் என்று பெயராம். கேள்வியையே ஏற்காதவர்களின் பதில். கணக்கிடும்போது அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிடுவது வழக்கமாம்.

"எடுத்து வச்சிட்டா?"

"கணக்கில வராது."

தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பொய் எழுதினால் அவர்கள் பிச்சைக்காரர்கள். உண்மை எழுதினால் அவர்களே இல்லை. கால் வைக்க இடம் இல்லாத மலைபோல இருந்தது அந்தத் தாள்.

பணத்துக்குப் பதில் உழைப்பு நாளாகக் கேட்கலாம், அதுவும் ஏற்றுக்கொண்ட முறைதான் என்றார் தலைவி. என் உயிர் திரும்பியது. மறுநாளே முதல் வீட்டு வாசலில் நின்றேன்.

"ஏனுங்க்கா, இந்தச் சோலைக்காக வருசத்துக்கு எத்தன நாளு வேல செய்வீங்க?"

மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். முப்பது என்று சொல்லுங்கக்கா. இருபதாவது சொல்லுங்க. தூண் உயரட்டும்.

"ஒரு நாளு."

"ஒரு நாளுதானுங்களா?"

"சார், ஊத்துத் தூர் வார ஒரு நாளு போதும். முப்பது நாளு அங்க போயி என்னத்தச் செய்ய? காட்டை மிதிக்கவா? ஆளு போகாம இருக்கதுதான சோலைக்கு நல்லது."

நாற்பது வீடு, நாற்பது ஒற்றை நாள். எழுதினேன். இந்தத் தடவை அவர்கள் சொன்னதை மட்டும் எழுதினேன். தலைவி அதை எஸ்டேட் நாள் கூலியால் பெருக்கிப் பார்த்தார். தரையிலிருந்த கோடு கொஞ்சம் தடித்தது, அவ்வளவுதான்.

பிறகு அவர் ஒரு பக்கெட்டைக் கேட்டு வாங்கினார். ஊற்றுக்கு ஏறினோம். ஓடும் நீரில் பக்கெட்டை வைத்து, நிறைய எத்தனை நொடி என்று கடிகாரத்தில் பார்த்தார். மூன்று முறை. அவ்வளவு தண்ணீரை லாரியில் கொண்டுவர என்ன செலவு என்று தேவிகுளத்தில் டேங்கர் ஓட்டுபவரிடம் போனில் விசாரித்தார். அந்த லய வழியில் லாரி திரும்பாது, சின்ன டாங்க் கட்டிய ஜீப்தான் ஏறும், அதற்கு வாடகை கூட என்றார் அவர். தலைவியின் பேனா வேகமாக ஓடியது. ஜீப், டீசல், டிரைவர், தினம், மாதம், வருடம். மூன்றாவது வழி. காடு தருவதை வெளியில் வாங்கினால் எவ்வளவு.

அந்தத் தொகை கார் நிறுத்துமிடத்தில் வரும் என்று எதிர்பார்த்த வரவைத் தாண்டிவிட்டது.

கமிட்டி மேடையை ஊற்றிலிருந்து விலக்கி, கீழே டீக்கடை வளைவுக்கு மாற்றியது. நானே போய்ச் சொன்னேன். ஓடிப்போய்ச் சொன்னேன் என்றே சொல்ல வேண்டும். சரிவில் கால் வழுக்கி முழங்காலில் சேறு. அக்கா கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு நின்று கேட்டார். எப்படி மாறியது என்று கேட்டார். சொன்னேன்.

அவர் முகத்தில் சந்தோஷம் வந்து, பாதியில் நின்றது.

"அப்ப சோலை பிழைச்சது டாங்க் ஜீப்புக்காரன் புண்ணியத்துலயா?"

"அப்படித்தானுங்க்கா ஆயிப்போச்சு."

"நாளைக்கு பஞ்சாயத்து எங்களுக்குப் பைப்பு போட்டுட்டா?"

பைப்பு வந்தால் ஜீப் வேண்டாம். ஜீப் வேண்டாமென்றால் அந்தத் தொகை இல்லை. நல்ல தண்ணீர் வருகிற அன்றைக்குச் சோலை மறுபடியும் தரையில் ஒரு கோடு. இத்தனை நாள் அந்தத் தாள்களோடு படுத்து எழுந்த எனக்குத் தோன்றாதது, கூடையை இறக்கிய மூச்சு அடங்குவதற்குள் அவருக்குத் தோன்றிவிட்டது.

"பைப்பு கேட்டு பஞ்சாயத்துல ரெண்டு அபேக்ஷை எழுதிக் குடுத்திருக்கோம் சார்," என்றார். அதற்குப் பிறகு கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

அடுத்த குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. தலைவியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவர் நல்ல மனசோடு அந்த நாளைக் களப்பணியாகச் சேர்த்து, நான் கையெழுத்திட்டால் தினப்படி கிடைக்கும் ரசீதைத் தபாலில் அனுப்பியிருந்தார். சட்டைப் பையில் மடித்து வைத்தபடியே மறந்துவிட்டேன்.

சோலைக்குள் வெயில் சல்லடையாக விழுந்தது. நாற்பது பேர், மண்வெட்டி, சட்டி, பிளாஸ்டிக் வாளி. அக்கா என்னைப் பார்த்தார். ஒரு சட்டியை நீட்டினார். "பேர் கெடையாது, தெரியும்ல?"

"தெரியுமுங்க்கா."

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். குளிர் எலும்பைப் பிடித்தது. என்னை அறியாமல் கத்திவிட்டேன். பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. குனிந்தேன். முதல் சட்டி சேற்றை அள்ளும்போது சட்டைப் பையிலிருந்து ரசீது நழுவித் தண்ணீரில் விழுந்து மிதந்தது. அண்ணன் இரண்டு விரலால் எடுத்து விரித்துப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் தொகையும், கையெழுத்துக்கு விட்ட இடமும் யாருக்கும் தெரியும்.

"என்ன சார் இது?"

"இன்னிக்கு நாளுக்கு எனக்குச் சம்பளமுங்கண்ணா."

மண்வெட்டிகள் நின்றன. ஒன்று, இன்னொன்று, பிறகு எல்லாமும். என் காலடியில் கலங்கிய சேறு மெதுவாக, மிக மெதுவாகத் தெளிந்துகொண்டிருந்தது. யாரும் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. யாரும் என்னை இருக்கவும் சொல்லவில்லை.

அக்கா தாளை வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டாச்சா?"

"இல்லீங்க்கா."

"போடுவியளா?"

"மாட்டனுங்க."

அவர் தாளை நான்காக மடித்து, ஈரத்தோடு என் சட்டைப் பைக்குள்ளேயே திணித்தார்.

"அப்ப அள்ளுங்க."